கலியபெருமாள் படித்த இரண்டாம் பாகம்

வாட்ஸ்அப் குழுவில் நண்பர் ஒருவர், இந்த வருடம் படித்ததில் பிடித்த பத்துப் புத்தகங்களைப் போடுங்கள் என்று கேட்டிருந்தார். ஆளாளுக்குப் போட்டார்கள். நான் இரண்டு நாள் பொறுத்துவிட்டு, "எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, அது அச்சில் இல்லை" என்று எழுதினேன். "பந்தா" என்று ஒருவர் பதில் போட்டார். மூக்கில் ஒரு குத்து விடலாம் போலிருந்தது. இந்த வயதிலும் கோபத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கலியபெருமாளை அவருக்குத் தெரியாது.

நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்து நூலகத்தில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். பால் சொசைட்டிக்கு அடுத்த அறை. புளித்த பால் வாடையும் புத்தகப் பூச்சிக்குப் போட்ட ரசகற்பூர வாடையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் பீரோவில் பாச்சை உருண்டை போடும்போது எனக்குப் பால் புளித்த நெடி சேர்ந்தே வரும். நாளைக்கு நாலு பேர் வந்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் நானே படித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு படித்த வருடம் வேறில்லை.

என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள், வெட்கக்கேடு. வெட்டு, குத்து, கொலை. இரத்தம் வராத புத்தகத்தை இருபதாவது பக்கத்தில் மூடிவிடுவேன். வெட்டு வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கத்தி வரைந்து வைப்பேன், மறுபடி படிக்க வசதியாக. பத்துக் கத்தி வாங்கிய புத்தகம்தான் என் பட்டியலில் முதல். அப்படி முதலிடம் பிடித்தது இரண்டு பாகமாக வந்த ஒரு ராஜா கதை. அண்ணன் தம்பி இரண்டு இளவரசர்கள். முதல் பாகம் முடியும்போது தம்பி வெள்ளத்தில் குதித்துத் தப்புவான். இரண்டாம் பாகக் கடைசியில் அண்ணனுடைய ஆட்கள் அவனை ஆற்று மணலில் வைத்து வெட்டுவார்கள், நாலு பக்கத்துக்கு. பொட்டுக்கடலை கொறித்துக்கொண்டே படித்தேன். பக்கத்துக்கு ஒரு கத்தி போட்டேன்.

கலியபெருமாளும் செல்வராசுவும் அந்த ஊர்க்காரர்கள், கூடப்பிறந்தவர்கள். ஒரே வீட்டில் நடுவே தட்டி வைத்து மறைத்துக்கொண்டு இரண்டு குடித்தனம். பெண்களுக்குள் சண்டை வந்து, ஆண்களும் பேச்சை விட்டிருந்தார்கள். அப்பா விட்டுப்போன நிலத்தைப் பாகம் பிரிப்பதா வேண்டாமா என்று ஊரே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. ஆனால் நூலகத்துக்கு இரண்டு பேரும் வருவார்கள், வேறு வேறு நேரத்தில். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிப்பவர், ஒரு புத்தகத்தை மூன்று மாதம் வைத்திருப்பார். தம்பி மூன்று நாளில் முடித்துவிடுவார்.

முதல் பாகத்தை முடித்த கையோடு செல்வராசு வந்து நின்றார்.

"ரெண்டாம் பாகம் எங்க சார்?"

"உங்க அண்ணன்கிட்டதாங்க இருக்கு. தட்டிக்கு அந்தப் பக்கம். கேட்டு வாங்கிக்குங்களேன்."

"பேச்சுவார்த்தை இல்லியே. நீங்க கேட்டு வாங்குங்க சார். வெள்ளத்துல குதிச்சவன் என்ன ஆனான்னு தெரியாம சோறு எறங்கல."

தினம் வந்து நச்சரித்தார். நான் கலியபெருமாளுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். சர்க்கார் தமிழ் எழுத வருகிறதென்று எனக்கு அப்போது பெரிய கர்வம். "தங்கள் வசமுள்ள இரண்டாம் பாகத்தை ஏழு தினங்களுக்குள் ஒப்படைக்கத் தவறினால் தக்க மேல்நடவடிக்கை எடுக்கப்படும். செல்வராசு என்பவர் இது குறித்துப் பலமுறை நேரில் முறையிட்டுள்ளார்." மைப் பேடு காய்ந்து கிடந்ததால் நூலக முத்திரை பாதிதான் விழுந்தது. நான் தஞ்சாவூர் டவுன்காரன், பிறந்ததிலிருந்து வாடகை வீடு. பாகம் என்றால் எனக்குக் கதையின் பாகம். அந்த ஊரில் பாகம் என்றால் நிலம். அது என் மரமண்டையில் ஏறவில்லை.

கார்டு போன காலையில் கலியபெருமாள் வீட்டில் இல்லை. விருந்தாளியாக வந்திருந்த அவர் மச்சான், மனைவியின் தம்பி, வாங்கிப் படித்தான். "வக்கீல வச்சு நோட்டீஸ் உட்டுட்டானா?" என்று கத்தினானாம். கொல்லையில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கு ஓடினான். செல்வராசு மடை திறக்கக் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கக்கூட விடவில்லை. முதல் அடி நெற்றியிலும் வலது கண்ணிலும் விழுந்தது. புங்கமரத்தடியில் உட்கார்ந்து அதே புத்தகத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த கலியபெருமாள் பாய்ந்து வந்து இரண்டாவது அடியைக் கையில் வாங்கினார். மணிக்கட்டு முறிந்தது. முறிந்த கையோடு மச்சானைச் சேற்றில் தள்ளி, மூச்சு முட்டும்வரை அழுத்தினார். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

நான் ஓடிப்போனபோது வாய்க்கால் தண்ணீர் சிவந்திருந்தது. நாலு பக்கம் ருசித்துப் படித்தவனுக்கு ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை. வரப்பிலேயே வாந்தியெடுத்தேன். புத்தகம் சேற்றில் குப்புறக் கிடந்தது.

மச்சான் ஜெயிலுக்குப் போனான். கார்டு புத்தகத்துக்காக எழுதியது என்று தெரிந்ததும் கலியபெருமாளின் மனைவி நூலகத்துக்கே வந்து என்னைப் பளாரென்று ஒன்று விட்டார். "புத்தகம்னு அஞ்செழுத்து சேத்து எழுதியிருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்? படிச்சவனாம் படிச்சவன்!" பல் ஆடியது. இன்னும் நாலு அடித்திருக்கலாம் என்றுதான் இருந்தது எனக்கு.

செல்வராசுவுக்கு வலது கண் அன்றே போயிற்று. அதைத் தொட்டு இடது கண்ணும் இரண்டு மூன்று மாதத்தில் இருண்டுபோனது. அதன் பிறகு ஒருநாள் மத்தியானம் கலியபெருமாள் தம்பியைக் கைப்பிடித்து நூலகத்துக்குக் கூட்டிவந்தார். காயவைத்து முறுக்கிக்கொண்டு நின்ற இரண்டாம் பாகத்தைக் கேட்டு வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து, "அ…ர…ச…ன்… அரசன்" என்று ஆரம்பித்தார். தினமும் அரை மணி. வெட்டு வரும் இடங்களில் தாள்களைச் சேர்த்துப் புரட்டுவார். ஒருநாள் தம்பி வெளியே போன நேரத்தில் என்னிடம் வந்து, "யாரோ கத்தி படம் போட்டு வச்சிருக்காங்க சார். அது வந்தா தாண்டிடறேன். நல்ல மனுசன்" என்றார்.

கடைசி நாள் ஆற்று மணல் கட்டம் வந்தது. கலியபெருமாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணங்காரன் குதுரைய உட்டு எறங்கி ஓடியாந்தான். 'எந்தம்பிய எவன்டா தொட்டது'ன்னு வாள புடுங்கி ஆத்துல வீசுனான். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதாங்க" என்று முடித்தார். செல்வராசு, "நல்ல கதைண்ணே" என்றார். நடுத்தட்டியை அந்த வாரமே பிடுங்கிப் போட்டார்கள்.

போன தை மாதம் கலியபெருமாள் இறந்த செய்தி சில மாதம் கழித்துத்தான் தெரிந்து, இப்போது இருக்கும் கும்பகோணத்திலிருந்து போனேன். நூலக அறை பூட்டிக் கிடக்கிறது. புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அண்ணன் இருந்தவரை பிரிக்காத நிலத்தில் பிள்ளைகள் கல் நட்டுவிட்டார்கள். செல்வராசு என் குரலை வைத்தே கண்டுகொண்டார். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பிய வெட்டித்தானே கொன்னாங்க, சார்?"

"சேச்சே. அண்ணன் வந்து காப்பாத்திட்டானே" என்றேன்.

அவர் சிரித்தார். "அச்சுல இருக்கறத அண்ணன் எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். தம்பி பொழச்ச எடம் மட்டும் தண்ணி மாதிரி வந்துச்சு சார்."