ஒரு பில்லர் அதிகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. கதைதானே என்று காலாட்டிக்கொண்டு படிப்பவர்கள் காலை மடக்கி வைத்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டு வீடுகளும் இன்னும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் ஆள் இருக்கிறது, கொடியில் துணி காய்கிறது. மற்றது பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு என்று ஒரு பலகைகூடத் தொங்கவில்லை. அந்த வீட்டுக்காரி எனக்குச் சொந்தம். அவள் வாயால் சொல்லிக் கேட்டதைத்தான் எழுதுகிறேன். சொல்லும்போது சுவரில்கூடச் சாயவில்லை, எங்கள் கூடத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள்.

அவளைப் பெரியவள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் கொழுந்தனின் மனைவி சின்னவள். இரண்டு ஓரகத்திகள் ஒரே சமயத்தில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே மனை. நடுவில் கோடு போட்டு அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. மேஸ்திரியும் ஒருவர்தான். செங்கல் ஒரே லாரியில் வந்து இரண்டு பக்கமும் இறங்கும். இறங்கிய கையோடு பெரியவள் ஓடிப்போய் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கணீர் என்று கேட்டால் நல்ல கல். டொக்கென்று கேட்டால் வேகாத கல். டொக்குக் கல் எல்லாம் தன் பக்கமே இறங்குவதாகவும், கணீர்க் கல் எல்லாம் சின்னவள் பக்கம் போவதாகவும் அவளுக்குத் தோன்றும். வீட்டுக்காரர், "எல்லாம் ஒரே சூளைக் கல்லுதான்" என்றால் அன்று அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைக்கும்.

இதுவாவது பரவாயில்லை. சின்னவள் வீட்டுக்கு முதலில் தளம் போட்டார்கள் பாருங்கள், அன்றுதான் பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"மூத்தவ நான் இருக்கேன். அவளுக்கு முதல்ல கான்கிரீட்டா?"

"அவங்க வீடு சின்னதும்மா. பில்லர் சீக்கிரம் முடிஞ்சிருச்சு," என்றார் மேஸ்திரி. "எங்கிட்ட தளத்தைத் தாங்குற சென்ட்ரிங் சாமான் ஒரு செட்டுதான் இருக்கு. அவங்க தளம் இறுகினதும் ஜாக்கியெல்லாம் கழட்டி உங்களுக்கு மாட்டிடறேன். அதுவரைக்கும் ஜாக்கில யாரும் கை வைக்கக் கூடாது. தளம் உக்காந்துரும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக் கான்கிரீட்டுக்குச் சொந்தக் கால் கிடையாது. இறுகும்வரை கீழே வரிசையாக நிற்கும் இரும்பு ஜாக்கிகள்தான் அதன் கால். மேலே தண்ணீர் காயாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தவிர வேறு வேலை இல்லாததால் மேஸ்திரி தன் ஆட்களோடு இன்னொரு சைட்டுக்குப் போய்விட்டார். தண்ணீர் விடும் பொறுப்பு ஓரகத்திகள் தலையில் விழுந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். சின்னவள் ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ராணி மாதிரி தன் மாடிக்கு ஏறிப்போவாள். பெரியவளுக்கு மாடி ஏது? மொட்டைப் பில்லர்கள்தான். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்கு கட்டியிருக்கும். ஈரம் நிற்பதற்காக. பெரியவள் வாளியும் கையுமாக ஒவ்வொரு பில்லராகப் போய்ச் சாக்கை நனைப்பாள். மேலே சின்னவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்கும். கேட்கக் கேட்கப் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு சாயங்காலம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் எல்லாப் பில்லருக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டாள். காலி வாளியோடு திரும்பியவள் நின்றாள்.

நனைக்காத பில்லர் ஒன்று மூலையில் பாக்கி இருந்தது.

இல்லையே... அந்த மூலையில் பில்லரே கிடையாதே.

"யாரு?"

சாக்கு லேசாக அசைந்தது. தலையோடு சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். மழைக்குச் சித்தாள் பெண்கள் போர்த்திக்கொள்வார்களே, அது போல. பெரியவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மேஸ்திரி ஆளா?"

"ம்."

"வேலைதான் இல்லையே. இங்க என்ன பண்றே?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்." வாய் நிறைய மணலை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது குரல். "நல்லதெல்லாம் அந்தப் பக்கம்தான் போகுது."

பெரியவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. கட்டின புருஷன் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைகள் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு சித்தாள் சொல்கிறாள்! வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, செங்கல்லில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சித்தாள் அசையாமல் கேட்டாள்.

கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஒரு ஜாக்கி எடுத்துத் தரவா?"

பெரியவள் சிரித்துவிட்டாள். "எடுத்தா எடு போ."

மறுநாள் போனபோது பெரியவளின் மனையில், மணல் குவியலுக்குப் பின்னால் ஒரு ஜாக்கி கிடந்தது. மேஸ்திரிக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்தாள். போடவில்லை. அத்தனை ஜாக்கியில் ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? அதன்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடினாள். தளம் விழ வேண்டும் என்று அவள் சத்தியமாக நினைக்கவில்லை. ஒரு விரிசல். மெல்லிசாக, சின்னவள் கூடத்துக்கு நேர் மேலே, விருந்தாளிகள் நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் ஒரே ஒரு விரிசல். அது போதும் அவளுக்கு.

அன்றைக்கும் அந்தச் சித்தாள் மூலையில் நின்றிருந்தாள்.

"இன்னொண்ணு?"

"ம்."

மறுநாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். கேட்காமல் எடுப்பதே இல்லை. பெரியவள் "ம்" சொல்லாமல் இருந்ததும் இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஜாக்கிகள் சேர்ந்துகொண்டே வந்தன.

சில விஷயங்கள் இடறின. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், கீழே மண் காய்ந்துதான் இருக்கும். ஈர மணலில் பெரியவளின் காலடி மட்டும்தான் தெரியும். கனமான இரும்பை ஒற்றைப் பெண் எப்படித் தூக்குகிறாள் என்பதும் தெரியவில்லை. ஆனால் தன் கட்சி பேச ஓர் ஆள் கிடைத்த பிறகு இதையெல்லாம் யார் நோண்டிப் பார்ப்பார்கள்?

அந்தக் கடைசி நாள் வானம் கறுத்துக் கிடந்தது. தெருவில் கரண்ட் இல்லை. சின்னவள் மேலே, தண்ணீர் நிற்பதற்காகத் தளத்தில் வரப்பு கட்டியிருந்த பாத்தி நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு, படி இறங்கி, தளத்துக்கு அடியில் போனாள். எங்காவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். செல்போன் வெளிச்சத்தை மேலே அடித்துக்கொண்டு நின்றாள்.

பெரியவள் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது. நடுவில் ஜாக்கியே இல்லை. ஓரத்தில் மட்டும் சில நின்றன. சின்னவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

பின்னால் அந்தக் குரல்.

"மிச்சத்தையும் எடுத்துரவா?"

மிக அருகில். காதோரத்தில். பச்சைச் சிமெண்ட் வாடை குப்பென்று அடித்தது.

பெரியவள் என்னிடம் மறைக்கவில்லை. அந்த "ம்" தொண்டைவரை வந்துவிட்டது. பழகிப்போன "ம்".

திரும்பினாள்.

முதல்முறையாகச் சாக்குக்குள் பார்த்தாள்.

உள்ளே... ஆள் இல்லை.

சாக்கு மட்டும், யாரையோ போர்த்தியிருப்பது போல நின்றுகொண்டிருந்தது.

"எடுத்துரவா?"

"வேண்டாம்!" கத்தினாள். "வேண்டாம்! சின்னவளே... வெளிய வா! ஓடி வாடி!"

சின்னவள் ஓடி வந்தாள்.

டங்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜாக்கி சாய்ந்தது.

டங்... டங்...

பிறகு சத்தம் இல்லை. தளம் நின்றது. ஓரகத்திகள் இருவரும் நடு ரோட்டில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி அவர்கள் நின்றதில்லை.

காலையில் மேஸ்திரி வந்து தலையில் அடித்துக்கொண்டார். எவனோ இரும்புக்கு ஆசைப்பட்டுக் கழற்றியிருக்கிறான், தூக்கிப்போக முடியாமல் தார்ப்பாயில் மூடிவைத்திருக்கிறான் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். பெரியவள் வாயைத் திறக்கவில்லை. பெண் ஆட்களைப் பற்றி மட்டும் நைசாக விசாரித்தாள். "எல்லாரும் அந்த சைட்லதாம்மா இருந்தாங்க. இங்க யாரும் வரலையே," என்றார். தளத்தில் சின்னவள் கூடத்துக்கு நேர் மேலே ஒரு விரிசல் விட்டிருந்தது. பெரியவள் ஆசைப்பட்ட அதே மெல்லிசில். பூசி மறைத்தார்கள்.

பெரியவள் வீடும் எழும்பியது. பில்லர் தடிமன் என்பதால் மேலே இன்னொரு மாடியும் போட்டார்கள். குடி வந்தார்கள். பெரியவள் செங்கல் தட்டுவதை விட்டுவிட்டாள். சின்னவள் வீட்டுக்குப் புது டைல்ஸ் வந்தபோதுகூட, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். மனதார இல்லை. ஆனாலும் சொன்னாள்.

ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகல். பெரியவளின் வீட்டுக்காரர் மேஸ்திரியோடு கூடத்தில் உட்கார்ந்து காம்பவுண்டுச் சுவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சின்னவள் உள்ளே வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. பெரியவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு."

"அப்ப தண்ணி ஊத்தப் போவோமே... மாடியில எங்கிட்ட ஒரு சித்தாள் வந்து பேசுவா."

பெரியவள் அடுப்பை அணைத்தாள்.

"சாக்கு போட்டுக்கிட்டு இருப்பா. உங்க பில்லரெல்லாம் தடிமன், எங்களுது ஒல்லின்னு சொல்லுவா. நீங்க மேல மேல கட்டிக்கிட்டே போவீங்களாம், நாங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கணுமாம். எனக்கும் ஆத்திரமா வந்துச்சுக்கா. உங்களைப் பார்த்தாலே அப்ப எனக்கு எரியும்."

"என்னைப் பார்த்தா? உனக்கா?"

பெரியவள் இதையும் என்னிடம் மறைக்கவில்லை. அந்தக் குலைநடுக்கத்திலும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததாம்.

"உங்க பில்லர்லேர்ந்து ஒரு கம்பி உருவித் தரவான்னு கேட்டா. நான் விளையாட்டா 'ம்'னுட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள் எங்க படிக்கட்டுக்கு அடியில ஒரு கம்பி கிடந்துச்சு. புதுசா வாங்கினது இல்லக்கா. சிமெண்ட் ஒட்டியிருந்துச்சு. அடியில, அஸ்திவாரத்துக்குள்ள மடக்கி விடுவாங்களே, அந்த மடக்கும் இருந்துச்சு. நான் எடுத்து லாஃப்ட்ல போட்டுட்டேன்."

"எத்தனை தடவ 'ம்' சொன்னே?"

"ஒரே தடவதான். அவ அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

"அப்ப ஒரு கம்பிதானே?"

சின்னவள் அழ ஆரம்பித்தாள். "இல்லக்கா... உங்ககிட்ட சொல்ல பயம். அப்பப்ப ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. நேத்தும் வந்துச்சு. லாஃப்ட்ல இடம் இல்ல."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். நீளமான கம்பிகள் அடுக்கு அடுக்காகக் கிடந்தன. நேற்று வந்த கம்பியில் ஒட்டியிருந்த சிமெண்ட் ஈரமாக இருந்தது. பெரியவள் அந்தக் கம்பியை இழுத்து வந்து கூடத்தில், மேஸ்திரியின் காலடியில் போட்டாள்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். மடக்கைத் தடவிப் பார்த்தார். "இது நான் வளைச்சதும்மா," என்றார். "எங்கிருந்து எடுத்தீங்க?"

பெரியவள் கூடத்துப் பில்லரைக் கையால் காட்டினாள்.

அவர் எழுந்து கூடத்துப் பில்லரைப் பார்த்தார். கீறல் இல்லை. பெயிண்ட்கூட உரியவில்லை. பையிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்து, ஒரு மூலையில் மெல்லத் தட்டினார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே கான்கிரீட். இன்னும் கொஞ்சம் தட்டினார்.

கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை இருந்தது. விரல் நுழைகிற அளவு. உள்ளே சுற்றிலும் முறுக்குக் கம்பியின் வரிகள் அச்சு மாதிரி பதிந்திருந்தன.

கம்பி இல்லை.

அடுத்த மூலை. அங்கும் இல்லை.

அடுத்தது...

மேஸ்திரி உளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். பில்லரில் உள்ளங்கையை வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். இன்றுவரை அவர் வாயைத் திறக்கவில்லை.

அந்த வீட்டை எது தாங்கிக்கொண்டிருக்கிறது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

மேல் மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. பெரியவளின் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கூரையை அண்ணாந்து பார்த்தார். அவர் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"அம்மா... பிள்ளைங்களைக் கீழ கூப்பிடுங்க. சத்தம் போடாம கூப்பிடுங்க. ஓடி வர வேண்டாம்னு சொல்லுங்க. ஒவ்வொருத்தரா... மெதுவா."