தாழ்ப்பாளுக்கு நூற்றுக்கு நூறு

ஓர் ஊருக்குச் சுற்றுலா போகலாமா கூடாதா என்று கண்டுபிடிக்க சுலோச்சனா ஒரு வழி வைத்திருந்தாள். வேனில் ஏறுமுன் மந்தைவெளி டீக்கடை வாசலில் நின்று ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்து முடிப்பாள். அந்தத் தண்ணீர் தன் வேலையைக் காட்டத் தொடங்குகிற ஊரில் கௌரவமாக ஒதுங்க ஓர் இடம் இருந்தால் ஊர் பாஸ். இல்லையென்றால், ஆயிரம் வருடத்துக் கோயில் இருக்கட்டும், கடல் பச்சையும் நீலமுமாக ஜாலம் காட்டட்டும், ஊர் ஃபெயில்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கென்ன, கடற்கரைச் சாலையின் இரண்டு ஓரமும் அவர்களுக்காகவே ஒதுக்கப்பட்டது போலத்தான் நடந்துகொள்கிறார்கள்.

சுலோச்சனா இந்தப் பாடத்தைப் படித்தது தியாகராய நகரில், ஓர் ஐந்து மாடி ஜவுளிக்கடையில். பட்டுப்புடவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள், உட்கார ஸ்டூல் கிடையாது. பெண்களுக்கான கழிப்பறை மொட்டை மாடியில். போவதற்கு சூப்பர்வைசரிடம் பிளாஸ்டிக் டோக்கன் வாங்க வேண்டும், ஒரு மாடிக்கு ஒரே டோக்கன். எதிரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அம்மாள் நாற்பதாவது புடவையைப் பிரிக்கச் சொல்லும்போது சுலோச்சனாவின் கைகள் சிரித்த முகத்தோடு பிரிக்கும், மனசு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும். டோக்கன் கிடைக்காது என்று தண்ணீர் குடிப்பதையே விட்டாள். சிறுநீரகத்தில் கல் வந்தது. கல்லை எடுத்த வாரமே வேலையையும் விட்டாள்.

அப்புறம்தான் மேற்கு மாம்பலம் வீட்டு வாசலில் ஒரு போர்டு ஏறியது: 'சுலோச்சனா ஒருநாள் சுற்றுலா. பெண்களுக்கு மட்டும்.' கடையில் பழகிய மயிலாப்பூர் மாமிகள்தான் முதல் வாடிக்கை. அவர்கள் கோயிலுக்குப் போவதென்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே நாக்கை உலரப் போட்டுவிடுகிற ஜாதி. சுலோச்சனாவின் வேனில் அந்த விரதம் தேவைப்படவில்லை.

"சுலோச்சனா கூட்டிண்டு போறான்னா ஆத்துலேயே ரெண்டு டம்ளர் காபி குடிச்சுட்டுக் கிளம்பலாம்டி. அவ பாத்து வெச்சிருப்பா," என்று ஜானு மாமி மாடவீதி முழுக்கச் சொன்னதுதான் விளம்பரம்.

அப்படிப் பார்த்து வைத்த ஊர்களிலேயே மாணிக்கம் போன்றது செய்யூருக்கும் அப்பால் கடலோரத்தில் இருந்த கருக்காமேடு. அங்கே கருவாடு காயவைக்கும் ஆரோக்கியமேரி தன் வீட்டுக்கு எதிரே, கடலைப் பார்த்தபடி ஒரு கழிப்பறை கட்டி வைத்திருந்தாள். நீலத் தகரக் கதவு. உள்ளே தாழ்ப்பாள், அதுவும் ஒழுங்காகப் பொருந்தி விழுகிற தாழ்ப்பாள். கைப்பை மாட்ட ஒரு கொக்கி. வருகிறவர்களிடம் அவள் காசு வாங்குவதில்லை.

"அடுத்து வர்றவங்களுக்கு ஒரு வாளி தண்ணி அடிச்சு வெச்சிட்டுப் போங்க, போதும்," என்பாள்.

வைரத்தோடு போட்ட மாமிகள் வரிசையில் நின்று அடிபம்பில் தண்ணீர் அடித்ததைப் பார்த்த நாளில் சுலோச்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இதைவிட அழகான கடற்கரை இல்லை என்று அவள் மனதார நம்பினாள்.

இந்த நேரத்தில்தான் ஜானு மாமியின் மகன் பரத்வாஜ் குறுக்கே வந்தான். அடையாறில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பெரிய வேலை. சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் கிராமங்களுக்கும் கடலோரத்துக்கும் எவ்வளவு சுற்றுலா வாய்ப்பு இருக்கிறது என்று மதிப்பிட்டு அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நாற்பத்தொரு ஊர். களப்பணிக்காக அவன் எட்டிய அதிகபட்ச தூரம் பெசன்ட் நகர் கடற்கரை. அங்கே ஏ.சி. காபிக் கடை இருந்தது.

"மேடம், நீங்கதான் எங்க கள வல்லுநர்," என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினான். நாற்பத்தாறு கட்டம். 'ஊரின் கதைசொல்லும் ஆற்றல்' என்று ஒரு கட்டம். 'சூரிய உதயத்தின் தரம், பத்துக்கு' என்று இன்னொன்று.

"சூரியன் எல்லா ஊருலயும் ஒண்ணுதானே தம்பி?"

"எல்லாத்துக்கும் ஒரே மார்க் போட்டா சிஸ்டம் ஒத்துக்காது மேடம். கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போடுங்க."

கழிப்பறைக்குக் கட்டம் இல்லை. சுலோச்சனா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கருக்காமேட்டின் தாளில், 'முதன்மை ஈர்ப்பு' என்ற இடத்தில், கடையில் பில் எழுதிப் பழகிய குண்டு கையெழுத்தில் எழுதினாள்: 'ஆரோக்கியமேரி வீட்டெதிர் இடம். தாழ்ப்பாள் உண்டு. நூற்றுக்கு நூறு.'

தாழ்ப்பாள் என்ற சொல் அறிக்கைக்கு அழகாக இல்லை என்று பரத்வாஜ் அதை அடித்துவிட்டான். மிச்சம் இருந்தது ஓர் இடமும் நூறு மார்க்கும். நாற்பத்தொரு ஊரில் கருக்காமேடு முதலாவதாக வந்தது.

சுலோச்சனாவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே போன் போட்டாள்.

"மேரி, உங்க ஊருக்குத்தான் திட்டம் வருதாம்!"

"இன்னொரு கக்கூஸ் கட்டித் தருவாங்களாக்கா? ஞாயித்துக்கெழமையில கூட்டம் தாங்கல."

"ஒண்ணு என்னா, பத்து கட்டுவாங்க பாரு," என்று வாக்குக் கொடுத்தாள் சுலோச்சனா.

நாலு மாதம் கழித்துப் பத்தொன்பது பெண்களோடு வேன் புறப்பட்டது. இந்த முறை அவள் முன்கூட்டிப் போய்ப் பார்க்கவில்லை. முதல் மார்க் வாங்கிய ஊரை யாராவது மறுபடி சோதிப்பார்களா? மாமிகள் நம்பி இரண்டு டம்ளர் காபி குடித்திருந்தார்கள். ஜானு மாமி மூன்று.

கருக்காமேட்டில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஆளுயர எழுத்து. 'நம்ம கருக்காமேடு.' சிவப்பும் வெள்ளையும், நடுவில் ஓர் இதயம், சுற்றி வண்ண விளக்கு, திறப்புவிழாக் கல்வெட்டு. நீலத் தகரக் கதவு இருந்த இடம் அதுதான். பக்கத்தில் ஒரு பலகை: 'கழிப்பறை வளாகம், இரண்டாம் கட்டத்தில்.'

"யக்கா, இங்க இருந்த கக்கூஸ் எங்கக்கா?" என்று டிரைவர் சின்னப்பையன் சுற்றும் முற்றும் பார்த்தான்.

ஆரோக்கியமேரி கருவாட்டுப் பாயிலிருந்து எழவில்லை.

"கடல மறைக்குதுன்னு இடிச்சிட்டாங்க. நான் வேற எடம் காட்டறேன்னு கெஞ்சினேன். முடியாதாம். யாரோ பெரிய ஆளு சரியா இந்த எடத்துக்குத்தான் நூத்துக்கு நூறு போட்டிருக்காங்களாம்."

"நான்தான் போட்டேன் மேரி," என்றாள் சுலோச்சனா. ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டியபோதுகூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. ஆரோக்கியமேரி கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.

சுலோச்சனா பரத்வாஜுக்குப் போன் போட்டாள். பாத்ரூம் எல்லாம் சாதாரண வசதி மேடம், மக்கள் அனுபவத்துக்காகத்தான் வருகிறார்கள் என்று அவன் விளக்கத் தொடங்கியதும் ஜானு மாமி போனைப் பிடுங்கினாள்.

"டேய் பரத்வாஜ், அனுபவிச்சுண்டுதாண்டா நிக்கறேன்! இப்ப நான் எங்கடா போவேன்?"

பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு ரிசார்ட் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது என்றான் மகன். பதினெட்டு கிலோமீட்டர் தாங்குகிற நிலையில் யாரும் இல்லை.

கடைசியில் சுலோச்சனாதான் வேனிலிருந்து ஜமக்காளத்தை எடுத்துவந்தாள். 'நம்ம' என்ற சொல்லுக்குப் பின்னால் மணல் பள்ளமாக இருந்தது. எழுத்துகளுக்கு இடையில் இருந்த சந்துகளைத் துப்பட்டாக்களால் அடைத்தார்கள். கடல் பக்கம் இரண்டு பேர் ஜமக்காளத்தைப் பிடிக்க, ஒவ்வொருவராகப் போனார்கள். முன்பக்கம் ஒரு புது ஜோடி இதயத்தில் சாய்ந்து செல்ஃபி எடுக்க வந்தது. சின்னப்பையன் கையை விரித்து மறித்தான்.

"அப்பால போ மச்சி. ரிப்பேர் வேல நடந்துகினு கீது."

அனுபவக் கட்டத்துக்கு யாராவது மார்க் போடுவதானால் அன்றுதான் போட்டிருக்க வேண்டும். பத்தொன்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேனில் ஏறினார்கள். யாரும் சுலோச்சனாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எல்லோருக்கும் ஜமக்காளம் பிடித்த சுலோச்சனாவுக்குப் பிடிக்க ஆளில்லை. அவளும் காலையில் தண்ணீர் குடித்தவள்தான். ஜமக்காளத்தை ஒரு கையால் 'ம்' மேல் மாட்டப் பார்த்தாள், அது வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜவுளிக்கடைப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. அடக்கிக்கொண்டு வேனுக்கே போய்விடலாம் என்று திரும்பினாள்.

ஆரோக்கியமேரி வந்து நின்றாள். கையில் கருவாட்டு வாசம். ஜமக்காளத்தை வாங்கி இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போங்கக்கா," என்றாள். "ஆனா இந்த எடத்தையும் எங்கயும் எழுதி வெச்சிடாதீங்க."