சீட்டில்லாமல் கொடுத்த மாத்திரை

மாத்திரைப் பெயர்கள் முத்துக்கனிக்குத் தண்ணீர்பட்ட பாடு. நர்சிங் கல்லூரியில் மூன்றாவது செமஸ்டருக்குப் பார்மகாலஜி என்று ஒரு பாடம் வந்ததும் வகுப்பில் பாதிப் பேர் மிரண்டுபோனார்கள். மருந்துகளின் பெயர் வாயில் நுழையவே அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. முத்துக்கனியோ அட்டையின் நிறத்தைச் சொன்னாலே மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவாள். வகுப்பிலேயே மூத்தவள் அவள்தான். இருபத்தொன்பது வயது. மற்றதெல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள்.

அந்த அறிவு புத்தகத்தில் வந்ததல்ல. உடன்குடியில் பிறந்து, கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தவள், முத்தையாபுரம் பக்கம் இன்பமணி அண்ணாச்சியின் மருந்துக்கடையில் எட்டு வருஷம் நின்றிருக்கிறாள். மருந்தாளுநரின் சான்றிதழ் கடைச்சுவரில் தொங்கியது. ஆள் மாதத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மருந்து எடுத்துக் கொடுத்ததெல்லாம் அண்ணாச்சியும் முத்துக்கனியும்தான். சாயங்காலமானால் உப்பளத்திலிருந்து திரும்பும் பெண்கள் கால் வெளுத்துப்போய்க் கடை வாசலில் நிற்பார்கள். "டாக்டரம்மா, முட்டுவலிக்கு ரெண்டு கொடு" என்பார்கள். அந்த 'டாக்டரம்மா' அவளுக்குப் பிடித்திருந்தது. படித்தால் என்ன என்ற ஆசையைக் கிளப்பிவிட்டதும் அந்தச் சொல்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் கணவன் சுடலைக்கண்ணன், "படிக்கணும்னா படி, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டான்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து கல்லூரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள் முத்துக்கனியும் ஜெமியும். ஜெமி புன்னைக்காயல் பெண். பார்மகாலஜி என்றாலே அவளுக்கு உதறல். அதனால் அவள் கேள்வி கேட்பதும் முத்துக்கனி பதில் சொல்வதுமாக நாலைந்து நாளாகப் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"டைக்ளோபினாக். யாருக்கெல்லாம் கொடுக்கக்கூடாதுக்கா?"

"வயித்துப்புண் உள்ளவங்களுக்கு. ஆஸ்துமாக்காரங்களுக்கு. இது தெரியாதாளா?"

"இன்னொண்ணை விட்டுட்டீங்களே." ஜெமி புத்தகத்தில் விரலை ஓட்டினாள். "உடம்புல தண்ணி வத்திப்போனவங்களுக்குக் கொடுத்தா கிட்னி கெட்டுப்போகும். சில பிரஷர் மாத்திரை, நீர் பிரியுற மாத்திரை, இந்த வலி மாத்திரை, மூணும் சேந்தா ரொம்ப ஆபத்து. மேடம் கட்டம் போடச் சொன்னாங்கள்லா? இது கண்டிப்பா வரும்க்கா."

"இன்னொரு தரம் வாசி" என்றாள் முத்துக்கனி.

ஜெமி வாசித்தாள். முத்துக்கனிக்குப் பாடம் காதில் விழவில்லை. செண்பகத்தக்காளின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

செண்பகம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கடைக்கு நாள் தவறாமல் வருவாள். அரசு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை ஒரு பக்கம். முட்டுவலிக்குச் சீட்டே இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை மறுபக்கம். காலையில் ஒன்று போட்டால்தான் பாத்தியில் நிற்க முடியும், சாயங்காலம் ஒன்று போட்டால்தான் படுக்க முடியும் என்பாள். ஐந்து வருஷம் அப்படி ஓடியது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. முத்துக்கனி கடையை விட்டு நிற்பதற்கு முந்தின வருஷம், ஒருநாள் செண்பகம் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். விரல் வைத்து அமுக்கினால் குழி விழுந்தது. "கால் வீங்குதுளா. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் வேலை போயிரும். எதாவது கொடேன்." முத்துக்கனி நீர் பிரியும் மாத்திரை அட்டையை எடுத்தாள். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஏளா, அது சீட்டு இல்லாம வேண்டாம்" என்றார். அவர் உள்ளே போனதும், வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் கொடுத்துவிட்டாள். நாலு நாளில் வீக்கம் வடிந்தது. செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கைராசிக்காரி" என்றாள். அந்த மாத்திரையும் அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

மூன்றும் அவள் கையிலிருந்துதான் போயின.

அன்று பிற்பகல் வகுப்பில் என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததும், பரீட்சைக்குப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினாள்.

செண்பகத்தின் வீடு உப்பளத்துக்குப் போகும் சாலையை ஒட்டின சந்தில் இருந்தது. செண்பகம்தான் கதவைத் திறந்தாள். முகம் உப்பியிருந்தது; நிறமும் ஒருமாதிரி மங்கியிருந்தது.

"ஏளா, டாக்டரம்மா! வா, வா. சரண்யா, யாரு வந்திருக்கா பாரு."

மகள் சரண்யாதேவி ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். டீ போட்டுக்கொண்டு வந்தாள். முத்துக்கனி டம்ளரைத் தொடவில்லை.

"அக்கா, அந்த மாத்திரையெல்லாம் இன்னும் போடுதீங்களா?"

"போடாம? நீ போனப்புறம் அங்கன ஒரு புதுப்பிள்ளை நிக்கா. அட்டையைக் காட்டுனா எடுத்துக் கொடுத்துருவா." செண்பகம் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். மூன்று அட்டைகளும் ரப்பர் போட்டு ஒன்றாகக் கட்டியிருந்தன.

அதைப் பார்த்ததும் முத்துக்கனிக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இதை மூணையும் சேத்துப் போடக்கூடாதுக்கா. கிட்னிக்கு ஆகாது. நான் தெரியாம கொடுத்துட்டேன். நீர் மாத்திரையை அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லியும் கொடுத்தேன். ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?"

செண்பகம் மகளைப் பார்த்தாள். "ஒரு மாசமாக் கொறைவாத்தான் போகுது. வெயில்னு நினைச்சேன்."

"தண்ணி குடிக்கீங்களா?"

"அளத்துல எங்கன ஒதுங்க? மறைவு ஒண்ணும் கிடையாது. அதனால பொம்பளைங்க யாரும் தண்ணி குடிக்கமாட்டோம்."

சரண்யாதேவி டப்பாவை வாங்கிப் பார்த்தாள். பிறகு முத்துக்கனியைப் பார்த்தாள். "அம்மா உங்களைத்தான நம்புனா" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

செண்பகம் அவளை அடக்கினாள். "சும்மா இருளா. கேட்டு வாங்குனது நான்." பிறகு முத்துக்கனியிடம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள். "அப்ப முட்டுவலிக்கு நான் என்னத்தைப் போட?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா" என்றாள் முத்துக்கனி.

மறுநாள் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு செண்பகத்தை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றைத் தாண்டக்கூடாத கிரியாட்டினின் இரண்டரையைத் தாண்டி நின்றது. டாக்டர் சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டையும் கொண்டுபோன மாத்திரை டப்பாவையும் பார்த்துவிட்டு, "ரெண்டு கிட்னியும் சேர்ந்து கால்வாசிதான் வேலை செய்யுது" என்றார். "இந்த வலி மாத்திரையை யாரும்மா கொடுத்தது?"

"கடையில வாங்குனேன்மா" என்றாள் செண்பகம்.

"நான்தான் மேடம் கொடுத்தேன்" என்றாள் முத்துக்கனி. "அந்தக் கடையில வேலை பார்த்தேன். இப்ப நர்சிங் படிக்கிறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று முத்துக்கனி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். டாக்டர் வலி மாத்திரையையும் நீர் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பிரஷருக்கு வேறொன்றை எழுதினார்.

"மேடம், இது என்னாலதானா?"

"பிரஷர் ஒரு காரணம். தண்ணி குடிக்காம வெயில்ல நின்னது ஒரு காரணம். மாத்திரை ஒரு காரணம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இனிமே அளத்து வேலை வேண்டாம். மாசாமாசம் கூட்டிட்டு வாங்க."

பிரித்துச் சொல்ல முடியாது என்ற அந்த வார்த்தை அவளோடு பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது. பாதிதான் உன் தப்பு என்றிருந்தால் அந்தப் பாதியைச் சுமந்திருப்பாள்.

அடுத்த நாள் இன்பமணி அண்ணாச்சியின் கடைக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கொடுக்கலேன்னா அடுத்த கடையில வாங்குவாளுவ, முத்துக்கனி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீர் மாத்திரையை நீ கொடுத்தது எனக்கு அப்பமே தெரியும். வீக்கம் வடிஞ்சுட்டுதேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்" என்றார். புதுப்பிள்ளை கல்லாப் பக்கத்தில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்துக்கனி அவளிடம் போய், எந்த மூன்றைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள்.

பரீட்சை வந்தது. எழுதினாள். வகுப்பிலேயே அதிக மார்க். ஜெமியும் பாஸ். ஜெமி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "உங்களாலதான்க்கா" என்றபோது முத்துக்கனிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். புதிதாகச் சேரும் நோயாளி யாராக இருந்தாலும் பக்கத்தில் நின்று, "கடையில நீங்களா வாங்கிப் போடுற மாத்திரை எதாவது உண்டா?" என்று கேட்பாள். இல்லை என்றாலும் விடமாட்டாள். கை கால் வலிக்கு, தூக்கத்துக்கு, வாயுக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். முத்துக்கனி கையில் கேஸ் போனால் அரை மணி நேரம் என்று கூட வேலை செய்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

செண்பகம் அளத்து வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்தபடி பூக்கட்டிக் கொடுக்கிறாள். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. உப்பு வெந்நீர் ஒத்தடத்தில் காலம் ஓடுகிறது. மூன்று வருஷத்தில் கிரியாட்டினின் மெல்ல ஏறி மூன்றைத் தொட்டிருக்கிறது. டயாலிசிஸ் எப்போது என்று டாக்டர் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. மாதம் ஒருநாள் முத்துக்கனி லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிப்போவாள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது செண்பகம் பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம், "இவதான் என்னைக் கண்டுபிடிச்சுக் காப்பாத்துனா" என்று சொல்வாள். ஒவ்வொரு முறையும் முத்துக்கனி குனிந்துகொள்வாள்.

போன மாதம் சரண்யாதேவியும் கூட வந்திருந்தாள். அம்மா ரத்தம் கொடுக்க உள்ளே போனதும், மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவளாகவே பேசினாள்.

"அம்மா உங்களை மன்னிச்சிருப்பா. எனக்கு இன்னும் முடியல."

"முடியாதுதாம்மா" என்றாள் முத்துக்கனி.

சரண்யாதேவி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். முத்துக்கனி உட்கார்ந்தாள். அன்றைக்கு ஏனோ அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.