கறுக்கிற கத்தி

அவ்வளவு இதமாகப் பேசுகிற மாங்காய் வியாபாரியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டையோடு, ராஜபாளையத்தில் என் ஹார்டுவேர் கடைக்கு மடக்குக் கத்தி வாங்க வந்தார்.

"கோட்டிங் போட்டத எடுங்க அண்ணாச்சி. வெறும் இரும்புன்னா மாங்காப் புளிப்புக்குக் கறுத்துரும். வெட்டுன காயும் கறுக்கும்" என்றேன்.

"ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க. ஒண்ணு வாய்க்கு, ஒண்ணு தொழிலுக்கு" என்று சிரித்தார். எனக்கு விளங்கவில்லை.

மறுவாரம் மாங்காய் மண்டியில் அவரைப் பார்த்தேன். மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி கூடைகளோடு நின்றாள். வெறும் இரும்புக் கத்தியால் அவர் அவள் கூடையிலிருந்து ஒரு செங்காயைப் பிளந்தார். "செத்த இரு தாயி" என்று அவள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். பேச்சு முடிவதற்குள் வெட்டிய இடம் கறுத்துவிட்டது.

"உள்ள கறுப்பு ஓடிருக்கே தாயி. பாதி வெலதான்."

"அது கத்திக் கறுப்பு அண்ணாச்சி. நல்ல காய்."

"அப்ப கறுக்காத கத்தி வச்சிருக்கவன்ட்ட கொண்டு போ."

மற்ற வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் பாதி விலைக்கே கூடைகளை இறக்கினாள்.

அவள் போனதும் அந்தக் கத்தியைத் துடைக்காமலே மடக்கினார். இன்னொரு பையிலிருந்து கோட்டிங் கத்தியை எடுத்து, அதே கூடைக் காய் ஒன்றை நறுக்கி என்னிடம் நீட்டினார்.

"தின்னு பாருங்க. அந்தப் பிள்ள பொய் சொல்லல."

இனிப்பான காய். இரண்டாவது துண்டுக்கு நானே கையை நீட்டினேன்.