மாமா திருகப் போன கழுத்து

அன்று காரில் இருந்தது மூன்று பேர்: ஓட்டியது மாமா, பக்கத்தில் அம்மா, பின்சீட்டில் நான். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிப்ட், வரவில்லை. காடாம்புலியூரில் ஒரு வளைகாப்பை முடித்துக்கொண்டு வடக்குத்துக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

முத்தாண்டிக்குப்பம் வேகத்தடையில் மாமா பிரேக் போட்டதும், பின்னால் வந்த பலாப்பழ லாரி காரை இடித்து நொறுக்கியது. என் கழுத்து பின்னால் மடங்கி முன்னால் வெட்டியது. இறங்கி நின்றேன். காயம் எதுவும் இல்லை. ஆனால் தலையைத் திருப்ப முடியவில்லை.

எங்கள் தெருவில் யாருக்குக் கழுத்து பிடித்தாலும் மாமாதான் திருகிச் சொடக்கு எடுப்பார். "சுளுக்குதான்டா, ஒக்காரு" என்று என்னை ரோட்டிலேயே உட்கார வைத்து, முதுகில் முட்டியை ஊன்றித் தாடையை இறுக்கிப் பிடித்தார்.

"வேணாம் மாமா, கை மரத்துகினு வருது."

"நம்ம வம்சத்துலயே நீதான் காலேஜ் போன. அதுக்காக ஒன் கழுத்து மட்டும் வேறயா?"

லேசாகத் திருகியதற்கே விரல் நுனி வரை ஷாக் அடித்தது. அலறினேன். "வுடுடா அவன!" என்று அம்மா கத்தியும் மாமா விடவில்லை. அம்மா பாய்ந்து அவர் கையைக் கடித்துவிட்டார். சதை கிழிந்து, ரத்தம் என் சட்டையில் வழிந்தது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "கழுத்தெலும்புல விரிசல். முழுசா திருகியிருந்தா கை கால் வெளங்காமப் போயிருக்கும்" என்றார்.

இப்போது எங்கே விபத்தைப் பார்த்தாலும், அடிபட்டவரை யாரும் இழுக்கவோ திருகவோ நான் விடுவதில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஆன மொத்தச் செலவு முப்பத்தொன்பதாயிரம் ரூபாய். அதில் அறுநூறு, மாமா கைக்குத் தையல் போட்டது.