ஆளில்லாத இடம் தேடிய கண்டக்டர்

முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய தொண்டை அது. ஓய்வு பெற்ற அன்றே கண்டக்டர் மனைவியிடம் சொல்லிவிட்டார்: "இனிமே மனுஷ வாடையே படாத இடமா பார்த்துப் போயிடணும்."

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு மனை கிடைத்தது. வீடு கட்டிக் குடியேறினார்கள். காலையில் நாரைகள் தண்ணீரில் நிற்கும். கண்டக்டர் கரையில் நிற்பார். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அவருக்கு அதுவே சொர்க்கம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு கல்யாண வீட்டில், "என்னா காத்து! கிணத்துத் தண்ணி கல்கண்டு!" என்று அளந்துவிட்டார். அடுத்த மாதமே மச்சான் பக்கத்து மனையை வாங்கினான். மச்சான் வந்தால் சகலை விடுவாரா? நாலு பிள்ளைகள், நாலு மருமகள்களோடு அவரும் வந்து இறங்கினார்.

மனைவிக்கு முட்டிவலி, ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியவில்லை. கண்டக்டரே பழைய டிப்போவில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பஸ் விட வைத்தார். பஸ்ஸில் புரோக்கர் வந்தார். புரோக்கர் பின்னால் உலகமே வந்தது.

ஏரியில் பாதிக்கு மண்ணடித்து, "நாரை நகர்" என்று பலகை நட்டார்கள். நாரைகளுக்குப் படிக்கத் தெரியாது, போய்விட்டன. ஒருநாள் காலையில் கரைக்குப் போன கண்டக்டருக்கு, பழகியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கொசுக்கள் மட்டும் விசுவாசமாகத் தங்கின. கிணறும் வற்றியது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றபோது முன்னால் மச்சான், பின்னால் சகலையின் இரண்டாவது மருமகள்.

"வா, மலையடிவாரத்துக்குப் போயிடலாம்" என்றார் மனைவியிடம்.

"நீங்க போங்க. எனக்கு இப்பத்தான் பேச நாலு பேர் கிடைச்சிருக்காங்க."

மனசு கேட்காமல் கண்டக்டர் மட்டும் புரோக்கரின் வேனில் இடம் பார்க்கக் கிளம்பினார். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில், தனிமை தேடி இருபது பேர் நசுங்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியிலேயே இறங்கித் திரும்பிவிட்டார்.

பிறகு தெருக்காரர்கள் சங்கம் வைத்து, முதலில் வந்தவர் என்று அவரையே தலைவராக்கினார்கள். முதல் கூட்டத்தில் ஒரே தீர்மானம்: மிச்ச ஏரியைக் காப்பாற்ற, இனி இங்கே யாரும் வீடு கட்டக் கூடாது. கைதட்டல் ஓய்ந்ததும் மச்சான் எழுந்தான்.

"அத்தான், உங்க மொட்டை மாடிக்குச் செங்கல் ஏறுதே?"

"அது வீடு இல்லடா, மாடி. என் பையனுக்குக் குழந்தை பொறந்திருக்கு. அவன் எங்க போவான்?"

எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாடிக்குத் தடையில்லை என்று ஒரு வரி சேர்த்துக் கூட்டத்தைக் கலைத்தார்கள். வெளியே வந்ததும் அவரவர் கொத்தனாருக்குப் போன் போட்டார்கள்.