பலகையா, உருளையா: அரியமுத்து வாய் திறக்காத இரண்டு நாள்

மீன்சுருட்டி மெயின் ரோட்டில் அரியமுத்துவின் வெல்டிங் பட்டறைக்கு நேர் எதிரே 1981இல் இன்னொரு வெல்டிங் பட்டறை வந்தது. திறந்தவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தங்கை சாந்தாவின் புருஷன் பழனிவேல். பெயர்ப் பலகையில் மஞ்சள் எழுத்து, புது மெஷின், வாசலில் வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அரியமுத்து அப்போதே பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை நடத்திவந்தார், ஒரு பெஞ்சு போடணும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. "அந்த பெஞ்சைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்" என்று அவரே என்னிடம் சொன்னார். இந்தக் கதை முழுக்க அவர் வாயால் கேட்டதுதான். தன்னைப் பற்றி இவ்வளவு மோசமாகப் பேசக்கூடிய ஒரு மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை!

அடுத்த வருஷம் மீனவர் சங்கத்துக்கு ஒரு டிரெய்லர் தேவைப்பட்டது. சங்கம் மூன்று ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தது, இருந்ததோ ஒரே ஒரு சின்ன மரப்படகு. ஏரி விட்டு ஏரி அதை மாட்டுவண்டியில் ஏற்றி இறக்க எட்டு ஆள் வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற மாதிரி ஒரு டிரெய்லர் செய்துவிட்டால் கவலை விட்டது. கேள்வி ஒன்றுதான். படகு டிரெய்லரில் எதன்மேல் உட்காரும்? நீளவாக்கில் இரண்டு பலகை மேலா, வரிசையாக உருளைகள் மேலா?

சங்கத் தலைவர் ஆண்டவர் இருவரையும் டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

"பலகைதாங்க. மரப்படகு. உருளைன்னா அது படுற எடத்துலயே பாரம் பூரா எறங்கும், அடிப்பக்கம் அமுங்கி ஒழுவ ஆரம்பிச்சிரும்" என்றார் பழனிவேல்.

அரியமுத்துவும் அதையே சொல்லத்தான் வந்திருந்தார். இரண்டு வேப்பம் பலகையைக்கூட எடுத்து வைத்திருந்தார். ஆனால் பழனிவேல் முந்திக்கொண்டாரே! அரியமுத்துவின் வாய் தானாகத் திரும்பியது.

"உருளைதான். பலகைன்னா டிரெய்லர் தண்ணிக்குள்ள முங்குனாத்தான் படகு மெதக்கும். டிராக்டர் சேத்துல மாட்டிக்கிட்டா மாப்ள வந்து தூக்குவாரா?"

"மணலா இருக்குற கரையில எறக்குனா மாட்டாது மச்சான்."

ஆண்டவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "பலகையே இருக்கட்டும். பழனிவேலு, நீயே செஞ்சிரு" என்றார். சங்கத்தின் இரும்பு வேலை ஒன்று அரியமுத்துவின் கையை விட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

டிரெய்லர் தயாரானது. ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள் என்று குறித்தார்கள். படகுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் பூசினார்கள். முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெய் அது. மரத்தைப் பூச்சியும் தண்ணீரும் அண்டாது. ஆனால் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும், தோலில் பட்டால் வெந்து போகும். பழனிவேல் ஏதோ போல்ட் வாங்க ஜெயங்கொண்டம் போயிருந்த நேரத்தில், வெள்ளிக்கிழமை காலையிலேயே சங்கத்து ஆட்கள் படகைத் தூக்கி டிரெய்லர் மேல் வைத்துவிட்டார்கள். பலகைகள்மேல், படகுக்கு உறுத்தக்கூடாது என்று, பழனிவேல் கோணிச் சாக்கு சுற்றியிருந்தார்.

மத்தியானம் அந்த வழியாக சைக்கிளில் போன அரியமுத்து இறங்கிப் பார்த்தார். சாக்கு எண்ணெயைக் குடித்துக் கறுப்பாகியிருந்தது. விரலால் தொட்டார், நூல் மாதிரி இழுத்தது. மேலே சுள்ளென்று வெயில். இரண்டு நாளில் படகும் சாக்கும் பலகையும் ஒட்டி ஒன்றாகிவிடும் என்று அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். "அன்னிக்குச் சோறு ருசியா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது" என்றார் என்னிடம்.

சனிக்கிழமை பழனிவேலே பட்டறைக்கு வந்தார்.

"மச்சான், நாளைக்கு வந்துருங்க. ஒருவாட்டி வண்டியையும் பாத்துருங்களேன். ஏதாச்சும் தப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க."

"நீ பாத்தா பத்தாதா மாப்ள? ஒனக்கு மேல நான் என்னத்த சொல்லப் போறேன்?"

ஞாயிறு காலை ஏரிக்கரையில் தேங்காய் உடைத்தார்கள். டிராக்டர் பின்னால் போய் டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கியது. தண்ணீர் ஏறியது, படகு அசையவில்லை. ஆறு பேர் தள்ளினார்கள். பத்துப் பேர் தள்ளினார்கள். மீன் விற்கிற ஜெகதாம்பாள் கரையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்டா பழனிவேலு, டிரெய்லர் செஞ்சியா, ரெண்டுக்கும் கண்ணாலம் பண்ணி வச்சியா? பிரியவே மாட்டேங்குதே!"

ஏரிக்கரையே சிரித்தது. பழனிவேல் முகம் சிவந்து இடுப்பளவு தண்ணீரில் நின்றார். இடுப்பில் குழந்தையோடு சாந்தா யாரையும் பார்க்காமல் நின்றாள். அரியமுத்து இதற்காகத்தான் இரண்டு நாள் காத்திருந்தார். சிரிக்கப் பார்த்தார், தங்கை முகம் கண்ணில் பட்டது, சிரிப்பு வரவில்லை.

அதற்குள் சின்னதுரை என்ற சங்கத்து ஆள் கடப்பாறையைக் கொண்டுவந்து படகுக்கடியில் செருகினான். ஒரு நெம்பு நெம்பினால் அடிமரம் பிளந்துவிடும். சங்கத்துக்கு இருந்த ஒரே படகு!

"டேய், கடப்பாறைய கீழ போடுறா!" என்று அரியமுத்து கத்தினார். "வண்டிய கரைக்கு ஏத்துங்க. மண்ணெண்ணெய் கொண்டாங்க, சாக்குல ஊத்துங்க. கயித்தை படகுக்கும் பலகைக்கும் நடுவுல வுட்டு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இழுங்க, அறுத்துக்கிட்டு வரும்."

அவரே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தார். ஒரு மணி நேரம் ஆனது. பிசுபிசுவென்று சாக்கு விட்டுக் கொடுத்தது, படகு தண்ணீரில் மிதந்தது.

"எப்புடிய்யா கண்டுபுடிச்ச?" என்றார் ஆண்டவர்.

"அண்ணே" என்றாள் சாந்தா. "நீ கிட்ட வந்து குனிஞ்சுகூடப் பாக்கலியே."

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"வெள்ளிக்கெழமையே பாத்துட்டேன்."

"நான் வந்து கேட்டேனே மச்சான்" என்றார் பழனிவேல்.

ஆண்டவருக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம். "சரி, கெடக்கட்டும். பலகையக் கழட்டிப் போட்டுட்டு, நீ சொன்ன உருளையவே வச்சுக் குடு அரியமுத்து" என்றார்.

அரியமுத்து ஆசைப்பட்ட வேலை, ஊர் முன்னால், கையில் வந்து விழுந்தது!

"வேணாம். மரப்படகுக்குப் பலகைதான் சரி. அன்னிக்கே எனக்குத் தெரியும், மாப்ள முந்திச் சொல்லிட்டாருன்னு மாத்திச் சொன்னேன். எண்ணெய் காயட்டும், சாக்குக்குப் பதிலா பழைய டயர் ரப்பர அடிச்சிருங்க. வேலைய அவரே பாக்கட்டும்."

சாந்தா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மூன்று மாசம் அண்ணனிடம் பேசவில்லை. பழனிவேலோ அப்போதே மிச்சமிருந்த மண்ணெண்ணெயை எடுத்துவந்து, "கைய நீட்டுங்க, வெந்துரும்" என்று முகத்தைப் பார்க்காமலே அரியமுத்துவின் இரண்டு கையிலும் ஊற்றித் தேய்த்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது அரியமுத்துவின் கண் கலங்கியது, எனக்கும்தான். திருந்திவிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிர்ப் பட்டறையைப் பார்த்தார்.

"கோவமா நாலு வார்த்த திட்டிருந்தான்னா எனக்கு ஆறிருக்கும் தம்பி. என் கைய கழுவி வுட்டான் பாரு, அதுலயும் என்னைய முந்திக்கிட்டான்."